பட்டாளத்திலிருந்து வந்தவர் பாடப்புத்தகம் எடுத்தார்

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். பட்டாளத்துப் பிள்ளை லீவில் வந்தால் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போகும். ஒரேயடியாக ரிட்டையராகி வந்தாலோ ஒரு வாரம்தான் அந்த மரியாதை. எட்டாம் நாள் டீக்கடையில் கேட்டுவிடுவார்கள். "அப்புறம்? அடுத்து என்ன பண்ணப் போறே?"

என் வீட்டுக்காரரை அப்படிக் கேட்டபோது அவருக்கு வயது 35. தலையில் ஒரு நரை கிடையாது. பெண் நான்காம் வகுப்பு, பையன் யு.கே.ஜி. பென்ஷன் என்றாலே மூக்குக் கண்ணாடியும் கைத்தடியும்தானே நமக்கு ஞாபகம் வரும்? ராணுவத்துக்கு இளம் கால்கள் வேண்டும். அதனால் ஜவான்களில் பெரும்பாலோரை 40 வயதை ஒட்டியே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. 15 வருஷ சர்வீஸ் இருந்தால் பென்ஷன் உண்டு. அந்தப் பென்ஷனில் அரிசி பருப்பு வாங்கலாம். பிள்ளைகளைக் காலேஜுக்கு அனுப்பவும், இன்னும் 25 வருஷம் ஒரு மனிதன் தலைநிமிர்ந்து நடக்கவும் வேறு ஏதாவது வேண்டாமா?

பட்டாளத்து மனைவிமார் நிறையப் பேர் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நாங்கள் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பிற்பாடு கற்றுக்கொண்டதை அப்புறம் சொல்கிறேன்.

அவர் 1997ல் பதினெட்டு வயதில் சேர்ந்தவர். பத்தாம் வகுப்பு படிப்பு. ராணுவ வண்டிகளைப் பழுது பார்க்கும் இ.எம்.இ. பிரிவில் மெக்கானிக். பனியில் உறைந்த லாரி இன்ஜினைக்கூட உயிர்ப்பித்துவிடுவார் என்று அவருடைய சிநேகிதர்கள் சொல்வார்கள். 2014 நவம்பரில் மொரப்பூர் ஸ்டேஷனில் கறுப்பு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். அதைத் தூக்கி அரூர் பஸ்ஸின் மேலே போட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனி ஒவ்வொரு லீவு முடிவிலும் அழ வேண்டாம் அல்லவா!

ஆனால் அந்தப் பெட்டிக்குள் வந்திருக்க வேண்டிய ஒன்று வரவில்லை. அதற்குக் காரணம் நான்தான்.

ராணுவத்திலிருந்து வெளியே வருகிறவர்களுக்கென்றே டைரக்டரேட் ஜெனரல் ரீசெட்டில்மென்ட் என்று ஓர் இலாகா மத்திய பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. சுருக்கமாக டி.ஜி.ஆர். என்பார்கள். ஓய்வு பெறப்போகும் கடைசிக் காலத்தில், சர்வீஸில் இருக்கும்போதே, வெளியுலகில் பிழைக்க உதவும் பயிற்சிகளுக்கு இவர்கள் ஏற்பாடு செய்கிறார்கள். கம்ப்யூட்டர், தீ பாதுகாப்பு, கிடங்கு நிர்வாகம், பால்பண்ணை என்று பலவகை உண்டு. ஜவான்களுக்கும் ஜே.சி.ஓ.க்களுக்கும் கட்டணத்தை டி.ஜி.ஆர். ஏற்றுக்கொள்கிறது. விண்ணப்பம் யூனிட் மூலமாகப் போக வேண்டும்.

இவருக்கும் அந்தத் தாள் வந்தது. கம்ப்யூட்டர் பயிற்சி மூன்று மாதம் படித்துவிட்டு வரட்டுமா என்று போனில் கேட்டார். அப்போது மாமனார் படுத்த படுக்கை. நிலத்தைப் பார்க்க ஆளில்லை. "பதினேழு வருஷம் காத்திருந்தாச்சு, இன்னும் மூணு மாசமா? படிச்சு என்ன கலெக்டராவா ஆகப் போறீங்க? நேரா வீட்டுக்கு வாங்க" என்று நான் அழுதேன். இவரும் 'விருப்பமில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

அந்த மூன்று மாதத்தின் விலை எங்களுக்கு அப்போது தெரியவில்லை.

வந்த வருஷம் மழை சரியில்லை. எங்களுடையது மானாவாரி நிலம். கேழ்வரகும் கொள்ளும் போட்டால் விதைக் காசு திரும்பினாலே பெரிசு. சரி, கையில்தான் தொழில் இருக்கிறதே என்று ஒரு வண்டிக் கம்பெனியின் ஒர்க்ஷாப்பில் போய் வேலை கேட்டார். அங்கிருந்த சின்னப் பையன், "ஐ.டி.ஐ. சர்டிபிகேட் இருக்கா சார்?" என்று கேட்டான். "பதினேழு வருஷம் இதே வேலைதான் தம்பி பார்த்தேன்" என்றார் இவர். "சர்டிபிகேட் இருந்தா கொண்டு வாங்க சார்" என்று மரியாதையாகத்தான் சொன்னானாம். வீட்டுக்கு வந்தவர் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

கடைசியில் ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி வேலை, நைட் ஷிப்ட். பகலில் அவர் தூங்க வேண்டும் என்று பிள்ளைகளை வாயைப் பொத்தி வைத்திருப்பேன். அந்த வேலையை நான் மட்டமாகச் சொல்லவில்லை. முன்னாள் படைவீரர்களுக்கென்றே தமிழக அரசு 1986ல் தொடங்கிய டெக்ஸ்கோ நிறுவனம் மூலம் பாதுகாவலராகக் கௌரவமாக வேலை பார்க்கிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் இன்ஜினைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர் கேட் திறந்து மூடினால் மனசு என்ன பாடுபடும்? மறைப்பானேன், அந்த ஏழெட்டு மாதம் கேன்டீன் பாட்டில் எங்கள் வீட்டில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியானது. இதைப் படிக்கிற சில சகோதரிகளுக்கு நான் சொல்லாமலே புரியும்.

கலெக்டர் ஆபீஸுக்கு நாங்கள் போனது வேலைக்காக அல்ல, எழுத்துப் பிழைக்காக! டிஸ்சார்ஜ் புத்தகத்தில் என் பெயர் ஒரு மாதிரியும் ஆதார் அட்டையில் வேறு மாதிரியும் இருந்தது. "நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா உனக்குக் குடும்பப் பென்ஷன் வராது" என்று இவர் பயந்தார். தர்மபுரியில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய், திருத்தத்துக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று விசாரித்தோம்.

மேஜைக்குப் பின்னால் இருந்தவர் இவருடைய காகிதங்களைப் புரட்டிக்கொண்டே, "பதினஞ்சு வருஷத்துக்கு மேல சர்வீஸ். பத்தாவது பாஸ். கிராஜுவேஷன் சர்டிபிகேட் கொடுத்திருப்பாங்களே, எங்க?" என்றார். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பட்டப்படிப்பா? இவரா?

வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தோம். கம்பளிக்கு அடியில், பழைய ரம்மி சீட்டுக்கட்டோடு, அந்தத் தாள் கிடந்தது. பத்தாம் வகுப்பு முடித்து 15 வருஷத்துக்குக் குறையாமல் பணியாற்றிய முன்னாள் படைவீரரை, பட்டப்படிப்பு கேட்கும் மத்திய அரசின் குரூப் 'சி' வேலைகள் பலவற்றுக்குத் தகுதியானவராக எடுத்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. தொழில்நுட்பப் படிப்பு அவசியமான வேலைகளுக்கு இது பொருந்தாது. இதைக் காட்டி எம்.ஏ. சேரவும் முடியாது, இது பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. ஆனால் பரீட்சை எழுதும் வாசல் திறக்கிறது.

அந்த வாசலுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் அவர்தான் விளக்கினார். மத்திய அரசின் குரூப் 'சி' வேலைகளில் 10 சதவீதம் முன்னாள் படைவீரர்களுக்கு ஒதுக்கீடு. பொதுத்துறை வங்கிகளின் கிளார்க் வேலையில் 14.5 சதவீதம். அதில் 4.5 சதவீதம் உடல் ஊனமுற்ற படைவீரர்களுக்கும் போரில் உயிர்விட்டவர்களின் குடும்பத்தாருக்கும். வயதுக்கும் சலுகை உண்டு. சர்வீஸ் பார்த்த வருஷங்களைக் கழித்து, அதற்கு மேலும் மூன்றைக் கழிக்கிறார்கள். 35ல் 17 போனால் 18, அதில் 3 போனால் 15. "அப்போ எனக்கு மீசையே முளைக்கலியே!" என்றார் இவர். எத்தனையோ மாதம் கழித்து அன்றுதான் சிரித்தார்.

ஆனால் ஒதுக்கி வைத்த இந்த இடங்கள் பல சமயம் நிரம்புவதே இல்லையாம். ஆள் இல்லாமல் இல்லை. பரீட்சையில் தேறுகிற மார்க் வாங்கும் ஆள் போதவில்லை. இடம் இருக்கிறது, மனிதர் இருக்கிறார், நடுவில் ஒரு வருஷப் படிப்புத்தான் இல்லை. எனக்கு அந்த மூன்று மாதக் கம்ப்யூட்டர் பயிற்சி நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

இதெல்லாம் இன்று நேற்று வந்த யோசனையும் இல்லை. நம் பிள்ளைகள் பெயர் பதிந்துவிட்டுக் கார்டு வாங்கி வருகிறார்களே, வேலைவாய்ப்பு அலுவலகம், அது எதற்காக ஆரம்பித்தது தெரியுமா? இரண்டாம் உலகப்போர் முடியும் தருவாயில், ஊர் திரும்பும் லட்சக்கணக்கான சிப்பாய்களுக்கும் யுத்தத் தொழிலாளர்களுக்கும் வழிகாட்ட 1945 ஜூலையில் தொடங்கியது. மற்றவர்களுக்கெல்லாம் அதன் கதவு பிறகுதான் திறந்தது. பட்டாளத்தாருக்குப் போட்ட பந்தலில் நாமெல்லாம் நிழலுக்கு ஒதுங்கியிருக்கிறோம்!

அமெரிக்காவில் இன்னும் பெரிய அளவில் செய்தார்கள். 1944 ஜூனில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஒரு சட்டம், போரிலிருந்து திரும்பியவர்களுக்குப் படிப்புச் செலவும், படிக்கும் காலத்தில் குடும்பச் செலவுக்குப் பணமும் கொடுத்தது. 1956 வரையில் சுமார் 78 லட்சம் பேர் அதில் ஏதாவது படிப்போ தொழிற்பயிற்சியோ பெற்றார்கள். அவர்களில் சுமார் 22 லட்சம் பேர் கல்லூரிப் படி ஏறியவர்கள். கறுப்பின வீரர்களுக்குப் பல ஊர்களில் உரிய பங்கு கிடைக்கவில்லை என்ற குறையும் அந்தச் சட்டத்தின் சரித்திரத்தில் உண்டு. இதில் என் மனசைத் தொட்டது அந்தக் குடும்பச் செலவுப் பணம்தான். அடுப்பு எரிந்தால்தானே புத்தகம் திறக்கும்? யாரோ ஒரு வீட்டுக்காரி அவர்கள் காதில் சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் வீட்டு அடுப்பு பென்ஷனில் எரிந்தது. செக்யூரிட்டி வேலையை விட்டுவிட்டுப் படிக்கட்டும் என்று முடிவெடுத்தோம். மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. "கழுதைக்கு வயசாச்சு, கட்டெறும்புக்குப் படிப்பாம்" என்று ஒரு சொலவடை மாதிரிச் சொல்வார். அது எந்த ஊர்ச் சொலவடையோ, எனக்கு இன்றுவரை அர்த்தம் புரியவில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் மகனுக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தவரும் அவர்தான்.

அரூரில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தார். வங்கி கிளார்க் பரீட்சைக்கே கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் பிளஸ் டூ முடித்த பெண்பிள்ளைகள். முதல் நாள் அவர்கள் எழுந்து நின்று "குட்மார்னிங் சார்" என்றார்களாம், வாத்தியார் என்று நினைத்து!

கணக்கில்தான் தகராறு. முதல்கட்டப் பரீட்சையில் 60 நிமிஷத்தில் 100 கேள்வி. ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம்கூட இல்லை. இவருக்குப் போடத் தெரியும், வேகம் வராது. ராத்திரி சமையலறையில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு, குக்கர் மேல் இருந்த கடிகாரத்தை எடுத்து நடுவில் வைப்பேன். நான் கேள்வி படிப்பேன், அவர் பதில் சொல்வார். என் படிப்பும் பத்தாவதுதான். சதவீதக் கணக்கு எனக்கே மறந்து போயிருந்தது. நாற்பது ரூபாய்த் தக்காளி முப்பது ரூபாய் ஆனால் எத்தனை சதவீதம் இறக்கம் என்று சந்தைக் கணக்காக மாற்றிக் கேட்டால் பட்டென்று சொல்லிவிடுவார். பாலக்கோடு தக்காளி மண்டி எங்களுக்கு ஒரு கணக்கு வாத்தியார்! பெண் பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிப்பாள், அப்பா கூடவே ஒப்பிப்பார். அவள் முந்திவிட்டால் ஒரு ரூபாய்.

வீட்டில் நான் செய்த ஒத்தாசை பெரிதாக ஒன்றுமில்லை. படிக்கிற இடத்தில் வெளிச்சம் போதவில்லை என்று ஒரு டியூப் லைட் மாற்றினேன். எட்டு மணி சீரியலை நிறுத்தினேன் (இதுதான் பெரிய தியாகம்). ராத்திரி இரண்டு மணி வரை விழித்துப் படிக்கிறேன் என்றவரை விடவில்லை. பட்டாளத்து உடம்பு காலை ஐந்துக்குத் தானாக எழுந்துவிடும். அந்த இரண்டு மணி நேரம் மனசு தெளிவாக இருக்கும், அப்போது படியுங்கள் என்றேன். வெறும் வயிற்றில் டீயாகக் குடிக்காமல் ராகிக் கூழ் ஒரு சொம்பு. பாட்டில் விஷயத்தில் நான் சண்டை போடவில்லை. காலை ஐந்து மணிப் படிப்பு அதைத் தானே குறைத்தது.

முதல் வருஷம் முதல்கட்டமே தேறவில்லை. இரண்டாம் வருஷம் முதல்கட்டம் தேறி, மெயின் பரீட்சையில் போய்விட்டது. அன்று டீக்கடையில் யாரோ ஏதோ கேலி பேசினார்கள் போலிருக்கிறது. புத்தகத்தையெல்லாம் கட்டிப் பரணில் போட்டுவிட்டார். நான் மறுநாள் எதுவும் சொல்லாமல் இறக்கி வைத்தேன். மறுபடி பரணுக்குப் போயிற்று. மறுபடி இறக்கினேன். மூன்றாம் தடவை அவர் ஏற்றவில்லை. 2017ல் எழுதிய பரீட்சையில் தேறி, 2018ல் ஒரு வங்கிக் கிளையில் கிளார்க்காகச் சேர்ந்தார். பென்ஷன் பென்ஷனாக வருகிறது, சம்பளம் சம்பளமாக வருகிறது. வங்கி ஜெனரேட்டர் மக்கர் பண்ணினால் மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இவரைத்தான் கூப்பிடுகிறார்களாம்.

இந்தச் சேதி ஊரில் பரவியதும் எங்கள் திண்ணை ஒரு சின்ன ஆபீஸாகிவிட்டது. மிலிட்டரி வீட்டுப் பெண்கள் காகிதக் கட்டோடு வருகிறார்கள். நான் ஒரு நோட்டில் குறித்து வைத்து, எந்தத் தாளுக்கு எங்கே போக வேண்டும் என்று சொல்வேன். அதிலிருந்து எனக்குத் தெரிந்த ஒன்று: ஆண்கள் கேட்க வெட்கப்படுகிறார்கள். உத்தரவு கொடுத்துப் பழகியவர், இல்லை உத்தரவை நிறைவேற்றிப் பழகியவர், ஒரு கவுன்ட்டரில் நின்று "எனக்கு என்ன உதவி இருக்கு?" என்று கேட்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். நமக்கென்ன வெட்கம்? ரேஷன் கடை க்யூவில் நிற்காத பெண் உண்டா?

ஆகவே கணவர் இன்னும் சர்வீஸில் இருந்தால், கடைசி ஒன்றிரண்டு வருஷம் இருக்கும்போதே ஒவ்வொரு போனிலும் கேளுங்கள். டி.ஜி.ஆர். பயிற்சிக்குப் பெயர் கொடுத்தீர்களா? உங்கள் ட்ரேடுக்கு எந்தச் சர்டிபிகேட் தருகிறார்கள்? ராணுவ ட்ரேடுக்குச் சமமான வெளித் தொழில் எது என்று டி.ஜி.ஆர். பட்டியலே போட்டிருக்கிறது. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ட்ரேடு தெளிவாக எழுதியிருந்தால் அதைக் காட்டிப் பேசலாம். ஏற்கெனவே கைவந்த தொழிலைச் சோதித்துப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் ஆர்.பி.எல். என்ற முறையும் மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் வந்திருக்கிறது. இது அப்போதே எங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்த ஒர்க்ஷாப் பையனிடம் தலைகுனிந்து வந்திருக்க மாட்டார். மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், பிறந்த தேதி எல்லாம் ஆதாரில் இருப்பதுபோலவே ராணுவப் பதிவிலும் இருக்கிறதா என்று அவர் அங்கே இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். வந்த பிறகு திருத்துவது பெரும்பாடு. வந்தவுடன் மாவட்ட அலுவலகத்தில் பெயரைப் பதிந்து அடையாள அட்டை வாங்கிவிட வேண்டும். படிப்புக்கும் வேலைக்கும் எல்லாச் சலுகையும் அங்கிருந்துதான் புறப்படுகிறது.

பிள்ளைகள் படிப்புக்குப் பிரதமர் கல்வி உதவித்தொகை இருக்கிறது. 2006-07ல் தொடங்கியது. அதிகாரி அல்லாத முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்கும், விதவைகளுக்கும் தொழிற்கல்விப் பட்டப்படிப்புக்குத் தருவது. 2019ல் அதை உயர்த்திப் பெண்ணுக்கு மாதம் 3,000, பையனுக்கு 2,500 என்று ஆக்கினார்கள். பிளஸ் டூ போன்ற தகுதிப் படிப்பில் 60 சதவீத மார்க் வேண்டும். படிப்பின் முதல் வருஷத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும், இரண்டாம் வருஷம் போய்க் கேட்டால் கிடையாது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் கோட்டை விட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர். எங்கள் பெண் நர்சிங் சேர்ந்ததும் முதல் மாதமே நான் காகிதங்களைத் தயார் பண்ணிவிட்டேன்.

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவர் ரிட்டையராகி மூன்று வருஷத்தில் மாரடைப்பில் போய்விட்டார். "அவரே போயிட்டார், அந்த ஆபீஸ்ல எனக்கு என்னக்கா வேலை?" என்றார். அந்த ஆபீஸ் முக்கியமாக அவருக்காகத்தான் இருக்கிறது என்று சொல்லிக் கையோடு அழைத்துப் போனேன். விதவைகள் தொழிற்பயிற்சி பெற மத்திய முப்படை வீரர் வாரியத்தின் உதவித்தொகை உண்டு. தையல் படித்தவர்களுக்கு மாநில அரசின் தையல் மெஷின் உண்டு. இப்போது அவர் தைத்த ஜாக்கெட்டைத்தான் நான் போட்டிருக்கிறேன். கை கொஞ்சம் பிடிக்கிறது. அது என் உடம்பின் குற்றம்.

சொந்தமாகத் தொழில் தொடங்க நினைக்கும் முன்னாள் படைவீரர்களுக்கு, 'முதல்வரின் காக்கும் கரங்கள்' என்ற திட்டத்தை 2024 சுதந்திர தின விழாவில் தமிழக அரசு அறிவித்தது. ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், அதில் 30 சதவீதம் மூலதன மானியம், 3 சதவீதம் வட்டி மானியம், கூடவே பயிற்சியும். கறவை மாடு, தேனீ, காளான் என்று யோசிக்கிறவர்கள் கடன் வாங்கும் முன் பாப்பாரப்பட்டியில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒரு நடை போய் விசாரித்துவிட்டு வரலாம். கடன் கிடைக்கிறதே என்று மாடு வாங்கி, அடுத்த வருஷம் மாட்டை விற்று வட்டி கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி எங்கள் வீட்டில் இப்போது நடக்கும் விவகாரத்துக்கு வருகிறேன். பாலக்கோட்டில் இருக்கும் என் நாத்தனாரின் மகன் 2023ல் அக்னிவீரராகச் சேர்ந்தான். 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் சர்வீஸ் நான்கே வருஷம். அதன் பிறகு நூற்றுக்கு 25 பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். மற்றவர்கள் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் வீடு திரும்ப வேண்டும். பென்ஷன் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்தும் கிடையாது. பையன் சம்பளத்தில் பிடித்ததும் அரசு போட்டதும் வட்டியுமாகச் சேர்த்து 'சேவா நிதி' சுமார் 11.71 லட்சம் கையில் வரும்.

என் வீட்டுக்காரருக்கு இருந்த பென்ஷன், வயதுச் சலுகை, பதினைந்து வருஷ சர்வீஸால் வந்த அந்தத் தாள் ஒன்றும் இவனுக்கு இல்லை. மத்திய ஆயுத போலீஸ் படைகளில் ஒதுக்கீடு உண்டு என்று அறிவித்திருக்கிறார்கள். அது கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் படிப்பு ஒன்றுதான் அவன் கையில் இருக்கும். நல்லவேளை, அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். பத்தாவது முடித்துச் சேர்ந்த பையன்கள் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் பன்னிரண்டாம் வகுப்புச் சான்று வாங்கலாம். இக்னோ பல்கலைக்கழகம் இவர்களுக்கென்றே ஒரு பட்டப்படிப்பு வைத்திருக்கிறது. மூன்று வருஷப் படிப்பில் பாதி மதிப்பெண் ராணுவத்தில் பெற்ற பயிற்சிக்கே கிடைத்துவிடும், மீதிப் பாதிக்குப் பாடம் படிக்க வேண்டும். ஒரு வருஷத்தோடு நிறுத்தினால் சர்டிபிகேட், இரண்டு வருஷத்துக்கு டிப்ளமோ, மூன்றும் முடித்தால் பட்டம்.

என் நாத்தனார் அந்தப் பதினொரு லட்சத்தை மூன்று வருஷமாக மனசுக்குள் செலவழித்துக்கொண்டிருக்கிறார். முதலில் மச்சு வீடு. அப்புறம் டிராக்டர். போன பொங்கலுக்கு வந்தபோது பையனுக்குக் கல்யாணம் வரை போய்விட்டது.

"அண்ணி, படிப்பு படிப்புன்னு அவனைப் போட்டு நச்சரிக்காதீங்க. ராத்திரி பகல் டூட்டி பாக்குற பிள்ளை" என்றார்.

"நானும் இப்படித்தான் ஒருநாள் போன்ல அழுதேன். உங்க அண்ணன்கிட்ட கேட்டுப் பாருங்க" என்றேன்.

அவர் அண்ணன் வாயே திறக்கவில்லை. எழுந்து உள்ளே போய் டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தத் தாளை எடுத்து வந்து தங்கையின் மடியில் வைத்தார். இப்போது அதை லாமினேட் பண்ணி வைத்திருக்கிறோம். நாத்தனார் இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு எத்தனை நாள் படிக்கணும்?" என்று மட்டும் கேட்டார்.

மச்சு வீடு இன்னும் அவர் மனசில் இருக்கிறது. ஆனால் அதில் ஒன்றரை லட்சத்தைப் பையன் படிப்புக்கென்று தனியாக வங்கியில் போட்டு வைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். டிராக்டரைப் பற்றி இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

பையன் போன வாரம் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் பண்ணினான். பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் வட்டிக் கணக்கு ஓடவில்லையாம். "அத்தை, மாமா வந்துட்டாரா? எனக்குப் பத்து நிமிஷம்தான் டைம்" என்றான். மாமா அப்போதுதான் பேங்க்கிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அப்படியே பனியனோடு உட்கார்ந்து, பாலக்கோடு தக்காளி விலையை வைத்து ஆரம்பித்தார்.